ஒரே மரத்தின் பதினாறு பைகள்

பதினாறு பைகளையும் மேசையில் அடுக்கிவிட்டு நானா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். காய்ந்த பிறகும் கிளுவை இலைக்கு ஒரு பிசின் வாசம் இருக்கிறது. “நல்லாக் காய்ஞ்சிட்டுது மிஸ், அனுப்பலாம்” என்றார். வெறும் தேயிலைப் பைகள்தான் அவை. உள்ளே இலை, வெளியே ஈரம் உறிஞ்சும் மணிகள், மேலே பென்சிலால் எழுதிய இலக்கம். பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல் உருண்டை உருண்டையாக எழுதுவார். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. நான் அவற்றைப் பதிந்துகொண்டு, ‘சேகரிக்கும்போது உடனிருந்தேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் உடனிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மன்னார்ப் பட்டினத்தில் ஒரு வாடகை வீடுதான் எங்கள் ஆய்வுகூடம். படலையைத் திறப்பதற்கு முதல் அங்கே படுத்திருக்கும் கழுதையை எழுப்ப வேண்டும். இந்த வறண்ட கரையில் தானாக வளரும் மரஞ்செடிகள், அவற்றின் பூக்களுக்கு வரும் தேனீக்கள், வேர்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றின் மரபணுத் தொடரையும் தலையிலிருந்து வால்வரை வாசித்து வைப்பது திட்டம். வாசிக்கும் இயந்திரம் வெளிநாட்டில் இருந்தது. இலையும் பூச்சியும் மண்ணும் இங்கிருந்து பெட்டியில் போகும். சில மாதம் கழித்து எழுத்துகளாகக் கணினியில் வந்து இறங்கும். கொழும்பில் இருந்த பேராசிரியர்தான் தலைவர். நான் விஞ்ஞானப் பட்டம் முடித்து நாலு வருடம் வீட்டில் குந்தியிருந்து, சொந்தபந்தம் எல்லாரிடமும் பேச்சு வாங்கிய பிறகு கிடைத்த முதல் வேலை அது. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்தப் ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்கு நான் எவ்வளவு பயந்து கிடந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முட்புதர் மண்டிய பற்றைக்குள் இறங்கி இலையும் பூச்சியும் சேகரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது வந்தவர்தான் நானா. முசலிப் பக்கத்து முஸ்லிம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அங்கே எல்லாரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிட்டார்கள், எனக்கும் அப்படியே வந்துவிட்டது. விறகு வெட்டியும் தேன் எடுத்தும் பிழைத்த மனிதர். உடைமரத்து முள்ளுக்குள் புகுந்து சட்டையில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வருவார். பின்னால் போகிற நான் கந்தலாகி வருவேன். கொட்டாத சின்னத் தேனீயைச் சின்னப் போத்தலுக்குள் பிடித்து, அதற்கு இலக்கம் எழுதி, எந்தப் பூவில் பிடித்தது என்றும் எழுதுவார். ஒருநாள் அப்படி எழுதிக்கொண்டே சொன்னார்: “பூச்சிக்கெல்லாம் அடையாள அட்டை எடுத்துக் குடுக்கிறீங்கள். எனக்கு ஒரு காணி உறுதி எடுத்துத் தர ஏலாதோ மிஸ்?” நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்தது வேறு, நான் சிரித்தது வேறு.

தொண்ணூறில் ஆயுதம் தூக்கிய எங்கள் ஆட்கள் இந்தக் கரையிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது நானாவுக்கு ஏழு வயது. கையில் எடுத்ததோடு போனவர்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு, சண்டை முடிந்து திரும்பி வந்து பார்த்தால் வீடும் வளவுமாக இருந்த இடத்தில் காடு நின்றது. மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த வீடு மழையில் கரைந்து போய்விட்டது. கிணறு நாலு குடும்பத்துக்குப் பொதுவாகத் தள்ளி எங்கோ இருந்ததாம். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. காணி விசாரணைக்குப் போனால், “இது காடு, இதில் நீங்கள் இருந்ததற்கு என்ன சாட்சி?” என்று கேட்டார்கள். நானாவும் பெண்சாதி பிள்ளைகளும் மச்சானின் வளவில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு வருடக்கணக்காக அந்தச் சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் தொண்ணூறைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் நானாவிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் திட்டம் ஆய்வுக்குத் தெரிந்தெடுத்த இடங்களில் ஒன்று அந்தக் காடு. வரைபடத்தில் ‘மனிதர் கைபடாத இயற்கைப் பற்றைக்காடு’ என்று போட்டிருந்தது. நான் அதை வாசித்துக் காட்டியபோது நானா வெடித்துச் சிரித்தார். “கை படாததாமோ! எங்கட உம்மா என்னைப் பெத்தது அதுக்குள்ளதான் மிஸ்.” அதை நான் பேராசிரியருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குப் படவில்லை.

கிளுவையில் பதினாறு மரம் எடுக்க வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் குறைந்தது இருபது கவடு எட்டிவைத்து நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மரத்தடியிலும் கையிலிருக்கும் கருவியின் பொத்தானை அழுத்தி இடத்தைப் பதிய வேண்டும். ஆய்வுகூடத்து ஆள் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். அதற்கு வைத்த நாளில் மடுத் திருவிழா வந்துவிட்டது. அம்மாவோடு போகாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. “போயிட்டு வாங்கோ மிஸ். மாதாவைக் கும்பிடுறதும் ஒரு வேலைதானே. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார் நானா. நான் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. பதினாறும் ஒன்று. ஒரே தாய்மரத்தின் விதையில் முளைத்த இரண்டு கன்றுகள்கூட அண்ணன் தம்பிபோல வித்தியாசப்படும். இந்தப் பதினாறுக்கும் அந்த வித்தியாசமும் இல்லை. ஒரே மரத்தைப் பதினாறு தரம் வாசித்ததுபோல் இருந்தது. பேராசிரியர் அன்றே தொலைபேசி எடுத்தார். “உங்கள் ஆள் பொத்தானை அழுத்திக்கொண்டு நடந்திருக்கிறார், இலையை ஒரே மரத்தில் பிடுங்கிப் பங்கு போட்டிருக்கிறார். இது ஏமாற்று. நீங்கள் கூட நின்றீர்களா, இல்லையா?”

இல்லை என்றால் கட்டத்தில் போட்ட கையெழுத்து பொய். முழுநேரமும் நின்றேன் என்றால் ஏமாற்றில் எனக்கும் பங்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் இருப்பதை என் மூளை எவ்வளவு கெட்டித்தனமாகக் கண்டுபிடித்தது! “நிண்டனான் சேர். ஆனா இடையில மணிக்கணக்கா அவர் தனியப் போனவர்” என்றேன். அதையே எழுத்தில் கேட்டார். எழுதினேன். ‘சேகரிப்பாளர் என் கண்பார்வைக்கு வெளியே இருந்தார். இலைகள் எந்த மரத்தில் எடுக்கப்பட்டவை என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர இயலாது.’ நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே கையெழுத்து. பிழையான மாதிரிகள் என்று மிச்ச இலைகளை வளவின் மூலையில் போட்டு நானே எரித்தேன்.

நானாவுக்கு வேலை இல்லை என்று சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான் வந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. “பதினாறு மரத்தில எடுத்தனான் மிஸ். இருபது கவடு எண்டு சொன்னீங்கள், நான் இருபத்தஞ்சு வச்சு நடந்தனான். அல்லாஹ் அறிய” என்றார். மெஷின் பொய் சொல்லாது நானா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “மெஷின் பொய் சொல்லேல்ல. நானும் பொய் சொல்லேல்ல. அப்ப ரெண்டும் உண்மையா இருக்கிறதுக்கு ஒரு வழி இருக்கும். நீங்கள் படிச்ச ஆள், யோசிச்சுப் பாருங்கோ.” நான் யோசிக்கவில்லை. அவர் போனால் போதும் என்று இருந்தது. அன்றைக்கு அவர் ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் என் சீட்டும் கிழிந்திருக்கும். மிஸ் அன்றைக்கு மடுவில் நின்றவ என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருட மாரி தொடங்கியதும் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கத்து வேலியை அண்ணன் புதுப்பித்தான். பின்வளவுக் கிளுவையில் ஏறிக் கொப்புகளை ஆளுயரத்துக்குத் தறித்துப் போட, அம்மா கீழே நின்று எண்ணினா. அந்தத் தடிகளை வரிசையாக மண்ணில் ஊன்றிவிட்டால் அவையே வேர்விட்டுத் துளிர்த்து உயிர்வேலியாகிவிடும். கதியால் என்போம். “எல்லாத்தையும் அந்த ஒரு மரத்திலயே வெட்டடா, அப்பதான் ஒரு சீராத் தழைக்கும்” என்று அம்மா சொன்னா. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தேன். கோப்பையைப் படியில் வைத்தேன்.

ஒரே மரத்தின் கொப்புகள். ஒரே மரபணு. எத்தனை கதியால் நட்டாலும் மெஷினுக்கு அது ஒரு மரம்தான். கிளுவைக் கதியாலுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு, அதே கிளுவை லத்தீன் பெயரோடு கணினிக்குள் வந்தபோது அடையாளம் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். கொழும்புப் பேராசிரியருக்கும் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனதற்குச் சாட்டு எதுவும் இல்லை. ஓடிப்போய்க் கணினியைத் திறந்து நானா பதிந்த பதினாறு புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். நேராகக் கீழே இறங்கி, மூலையில் திரும்பி, நேராக வலப்பக்கம் போயின. அச்சடித்த ‘ட’ எழுத்து. காட்டில் தானாக முளைக்கும் மரம் எதுவும் இப்படி மூலை மடக்கி நிற்காது. நானாவின் வாப்பாவோ அவருக்கு முந்திய யாரோ நட்ட வேலி அது. அவர் தேடித் திரிந்த சாட்சியை எழுத்துக்கு எழுத்து வாசித்துக் கையில் கொண்டுவந்து தந்தது அந்த மெஷின்தான். நாங்கள் அதைப் பிழை என்று எறிந்திருந்தோம்.

அன்று பின்னேரமே முசலிக்குப் போய் நானாவிடம் சொன்னேன். தகரக் கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், “அதுதானே! கிளுவை ஏன் ஒரு பக்கமாவே போகுது எண்டு நினைச்சனான். இடையில எல்லாம் விடத்தல் முள்ளும் உடைமுள்ளும் மூடிக் கிடந்தது, எனக்கு விளங்கேல்ல” என்றார். பெண்சாதியைக் கூப்பிட்டு, “வாப்பாட வேலி கிடைச்சிட்டுதாம்” என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

மறுநாள் புதிய பைகளோடு இரண்டு பேரும் அங்கே போனோம். எங்கள் அறிக்கையை வைத்து அரசாங்கம் அந்தக் காட்டைப் பாதுகாப்பதற்கென்று, சுற்றிவரக் கம்பிவேலி அடிக்க அகலமாக ஒரு பாதை வெட்டியிருந்தது. எங்கள் அறிக்கையின் வரைபடத்தில் போட்ட ஓரம்தான் காட்டின் ஓரமாகியிருந்தது. கிளுவைகள் நின்ற கோட்டின் மேலேயே டோசர் போயிருந்தது. ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. பிடுங்கியவற்றை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க அங்கே ஆளும் இல்லை. நானா அந்தச் செம்மண் பாதையில் இருபத்தைந்து கவடு நடந்து நின்றார். திரும்பி வந்தார். பேராசிரியருக்கு எழுதினேன். சுவாரசியமான விளக்கம் என்று பதில் போட்டார். ஆனால் அந்த மாதிரிகள் நம்பத்தகாதவை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அறிக்கையும் போய்விட்டது, காணிப் பிணக்குத் தீர்ப்பது ஆய்வின் வேலையில்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போது அந்த வழியால் பஸ்ஸில் போனால் கம்பிவேலியும் ஒரு பெரிய பலகையும் தெரியும். இங்கே வாழும் மரங்கள், தேனீக்கள் என்று மூன்று மொழியிலும் போட்டிருக்கிறார்கள். அதில் பாதித் தேனீ நானா போத்தலில் பிடித்தது. அறிக்கையின் முன்பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பிறகு நானே விட்டுவிட்டு ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வேலையை விட்டதைத் தியாகம் என்று சொல்லித் திரியும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

காணி விசாரணையைச் சொல்லாமல் நிறுத்தினால் இதுவும் இன்னொரு பொய்க் கையெழுத்தாகிவிடும். நானா கேட்டதால் சாட்சிக்குப் போனேன். வரைபடத்தை விரித்து, ‘ட’வைக் காட்டி, கதியால் என்றால் என்ன, மரபணு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். எங்கள் பக்கத்து ஆள், கதியால் என்றதும் தலையாட்டினார். ஒரு நிமிடம் எல்லாம் சரிவரும்போல் இருந்தது. பிறகு கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். எங்கள் அறிக்கையோடு சேர்த்து வந்த பின்னிணைப்பு.

“இது உங்கட கையெழுத்தோ மிஸ்?”

“ஓம்.”

“இலை எந்த மரத்தில எடுத்தது எண்டு சொல்ல ஏலாது எண்டு எழுதியிருக்கிறீங்கள். இப்ப ஏலும் எண்டுறீங்கள். அண்டைக்கு நீங்கள் கூட நிண்டனீங்களோ, இல்லையோ?”

நானா என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவர் எனக்கு வழிவிட்டார்.

“இல்லை சேர். நான் மடுவுக்குப் போயிட்டன். கூட நிண்டனான் எண்டது முழுக்கப் பொய்” என்றேன். அவ்வளவு காலமும் தொண்டையில் கிடந்த உண்மை அது. எவ்வளவு தாமதமாக வந்து, வந்த வேகத்தில் அவருடைய கடைசிச் சாட்சியையும் அடித்துக்கொண்டு போனது. அதிகாரி பெருமூச்சு விட்டார். அவருக்குமே மனமில்லை என்பது தெரிந்தது.

“அப்ப இந்தப் பதினாறு இலையும் எங்க எடுத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொல்லி, அதையே எழுதச் சொன்னார். எழுதுவினைஞர் எழுதினார்.

“எனக்குத் தெரியும் சேர்” என்றார் நானா.

அதை அவர்கள் எழுதவில்லை.