வெறுமனே திரும்பாத தூக்குச்சட்டிகள்

மீந்த சாப்பாட்டை வாங்கிப் பசித்தவருக்குக் கொடுக்கிற வேலையில் சாப்பாடு சுலபமாகக் கிடைத்துவிடும்; கொடுக்கிறவர் முகமும் வாங்குகிறவர் முகமும் சுண்டிப்போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் நம் உயிர் போகும். கல்யாண வீட்டு சம்பாரை ஐஸ்பெட்டியில் திணித்து வைத்து நாலு நாள் சாப்பிட்ட என் சக பாவப்பட்ட ஜனங்களே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்!

சனி, ஞாயிறு மதியங்களில் கோலா சிலாங்கூர் மண்டபங்களின் பின்வாசலில் ஒரு பழைய வெள்ளை வேன் நிற்கும். ஓட்டுவது வேலு அண்ணன், ஓய்வு பெற்ற லோரி டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவது நான். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும், எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் நாலு மாடி பிளாட்டுக்கும் சாப்பாடு கொண்டுபோகிறோம். சம்பளம் கிடையாது. பேச்சு மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும்.

மிச்சம் என்ற கெட்ட வார்த்தை

ஆரம்பத்தில் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் அம்மாவிடம் போய், "மிச்சம் இருந்தா குடுங்கம்மா" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! இத்தனை மீந்தது என்று வெளியே தெரிந்தால், விருந்தாளிகள் யாரும் வரவில்லை என்றுதானே சம்பந்தி வீட்டார் பேசுவார்கள்? அண்டா நிறைய பிரியாணியை வைத்துக்கொண்டு ஒன்றுமே மீதமில்லை என்று சத்தியம் செய்தார். நானும் விடாக்கண்டி. பிளாட்டில் சின்னப் பிள்ளைகள் காத்திருப்பதைச் சொன்னேன்.

சட்டென்று முகம் மாறிவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் இலை போட்டு உட்கார வைத்து, போதும் போதும் என்று கத்தும்வரை பரிமாறி, தாம்பூலப் பையும் கொடுத்து, அண்டாவோடு வேனில் ஏற்றினார். கதவைச் சாத்தும்போது காதோரம் வந்து சொன்னார்: "மிச்சம்னு மட்டும் வாயில வரக்கூடாது தங்கச்சி. உங்களுக்குன்னே தனியா ஆக்கினதுன்னு சொல்லுங்க."

டுரியான் சம்பார்

சுங்கை சோ பக்கம் ஒரு ரொட்டிக் கடைக்காரர் அறுபது பன் கொடுத்தார். நல்ல மனுஷன், வாழ்க. அத்தனையும் ஊரையே தூக்கும் வாசமுள்ள டுரியான் பழம் வைத்த பன் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். வேனில் ஏர்கான் வேலை செய்யாது. பின்னால் மண்டபத்துச் சோறும் சம்பாரும் இருந்தன. பிளாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சோறு, சம்பார், என் சேலை, வேலு அண்ணன் மீசை எல்லாமே டுரியான் வாசம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலு அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ருசியும் பார்த்து, கெட்டுப்போகவில்லை என்றார். வரிசையில் முதல் ஆள் பாப்பாத்தி அக்கா. பிளாட்டுக்குப் பின்னால் இரண்டு முழ இடம் கிடைத்ததும் கோழி வளர்க்கும் கெட்டிக்காரி. அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு உரக்கச் சொன்னார்: "யார்லா இந்தச் சமையல்காரன்? அடுத்த வாரமும் அவனையே ஆக்கச் சொல்லு புள்ள!"

வேனுக்குள் காய்கறிக் கடை

நாங்கள் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் சட்டியைத் திருப்பி வாங்குவோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வாங்கின சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டா? பாப்பாத்தி அக்கா சட்டியில் முட்டை வரும். லயத்துச் சட்டிகளில் கங்கோங் கீரை, மரவள்ளிக்கிழங்கு, பச்சை மிளகாய். சட்டியில் அடங்காத முருங்கைக்காய் தனியாக வரும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட்டின் கீழே எல்லார் முன்னாலும் ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிக் காட்டி, இது இன்னார் வீட்டு முட்டை, இது இன்னார் வீட்டுக் கீரை என்று ஏலம் போட்டேன். ஜனங்களும் கை தட்டினார்கள். திரும்பும்போது வேன் ஏற்றத்தில் முனகியது. வேலு அண்ணன் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்: "நாம சோறு குடுக்க வர்றோமா தங்கச்சி, மார்க்கெட்டுக்கு வர்றோமா?"

மூன்றாம் மாடிக் கதவு

அதற்கடுத்த வாரம் பிளாட்டின் மூன்றாம் மாடிச் சந்திரன் வரவில்லை. பேக்டரியில் முதுகு ஒடிந்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிற தம்பி அவர். மனைவி சாந்தி ராவாங்கில் கூட்டிக் கழுவும் வேலைக்குப் போகிறாள். இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் உள்ள நாளில் அங்கே சாப்பாடு உண்டு. சனி, ஞாயிறில் எங்கள் வேன் வந்தால் சோறு, இல்லையென்றால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். அப்படிப்பட்ட வீடு தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை.

நல்ல கோபத்தோடு மூன்று மாடி ஏறினேன். கதவோரம் எங்கள் தூக்குச்சட்டி இரண்டு, பளபளவென்று தேய்த்து, காலியாக இருந்தன. உள்ளே பிள்ளைகள் தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். வாங்க ஆள் அனுப்பினால் என்ன குறைந்துபோகும் என்று வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். சாந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "எல்லாச் சட்டியையும் தூக்கிக் காட்டுனீங்களேக்கா, மூணாம் மாடியில நான் எங்க போய் முருங்கை நடுறது?"

சட்டி வேண்டாம்

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நானும் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை, சட்டி கழுவி மாளவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, பிளாட் முழுக்க எல்லாருக்கும் பழுப்புத் தாளில் பொட்டலம் கட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தோம். பாப்பாத்தி அக்கா, முட்டையை எதில் போடுவது என்று என்னைத் திட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சந்திரன் இறங்கி வந்தார். நாலு பொட்டலம் வாங்கினார். எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்க்காமல் இருக்க வேலு அண்ணனோடு வலியச் சண்டை பிடித்தேன்.

அப்படி மூன்று சனிக்கிழமை போனது. நாலாவது வாரம் பொட்டலத்தை வாங்குமுன் சந்திரன் என் கையை நீட்டச் சொன்னார். பையிலிருந்து, மூன்று வாரப் பொட்டலங்களில் கழற்றிச் சேர்த்த பன்னிரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்து, எல்லார் முன்னாலும், வளையல் மாட்டுகிற மாதிரி என் கையில் மாட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லை, சோப்பு வாசம் அடித்தது. நிமிர்ந்து நின்று சொன்னார்: "வெறும் கையோட அனுப்புற பழக்கம் எங்க வீட்லயும் இல்லக்கா."

இன்றைக்கு என் வீட்டில் முருங்கைக்காயும் முட்டையும் ரப்பர் பேண்டும் மீந்து கிடக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ள யாராவது ஒரு வேன் அனுப்பினால் புண்ணியமாகப் போகும், ஆனால் மிச்சம் என்று மட்டும் சொல்லக்கூடாது.