நல்லாயி ஆத்தாவின் கறவைக் கை

கட்டுப் போடுகிறவனுக்குக் கட்டுவது கால் பங்கு வேலை. கட்டினதை அவிழாமல் காப்பாற்றுவதுதான் முக்கால் பங்கு. ஆஸ்பத்திரியில் டிரெஸராக மாரடித்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சேலத்தில் மாரடித்தது வெள்ளைக்காரன் காலத்தில்.

கவிழ்த்த கரண்டி

எடப்பாடிப் பக்கத்திலிருந்து நல்லாயி ஆத்தா மாட்டுவண்டியில் வந்தாள். வயசு அறுபதுக்கு மேல். சாணியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்ததில், மணிக்கட்டு கவிழ்த்த கரண்டி மாதிரி வளைந்திருந்தது. எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். தோலைத் திறக்காமல் எலும்பைப் பார்க்கிற அந்த அதிசயத்துக்கு நான் தினமும் வாய் பிளப்பேன்.

“அப்படியே விட்டா வலி போயிரும், கை கோணலா நிக்கும். மயக்கம் குடுத்து இழுத்து மாவுக்கட்டுப் போடலாம். அதுலயும் நிக்கலைன்னா கம்பி குத்தணும்” என்றார் டாக்டர்.

ஆத்தா யோசித்தாள். “எதுல பால் கறக்க முடியுமுங்க? எங்கூட்டு எருமை மருமவ தொட்டா உதைக்குதுங்க!”

காயாத கட்டு

டாக்டர் கையை இழுக்க, நான் முழங்கைக்கு மேலே எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். எலும்பு நழுவி இடத்தில் உட்கார்ந்தது என் பிடிக்கே தெரிந்தது. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாவு தடவின துணியை நனைத்துச் சுற்றினேன். கல்லாக இறுகியது.

பத்து நாளில் அது ஊறின பணியாரமாகத் திரும்பி வந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற நாட்டு வைத்தியர் தினமும் கட்டுமேல் எண்ணெய் விடச் சொல்வார். ஆத்தா என் கட்டுக்கும் அந்த மரியாதையைச் செய்திருந்தாள். உள்ளே எலும்பு நகர்ந்துவிட்டது. வேண்டாமென்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்று தலையில் கை வைத்தேன். அவளுக்கோ பெருமை தாங்கவில்லை. “ஒரு நாளுங்கூடக் காய உடலீங்க சாமி!”

ஈர்க்குச்சிக் கனம்

இனி கம்பிதான் என்றார் டாக்டர். வயசான உடம்பு இரண்டாம் மயக்கத்தைத் தாங்குமா என்று எனக்குக் கவலை. ஈர்க்குச்சிக் கனத்தில் இரண்டு கம்பி. விரலால் தடவிப் பார்த்தே, கண்ணுக்குத் தெரியாத எலும்புக்குள் அவற்றைத் திருகி ஓட்டினார். அதுவரை நான் மூச்சு விட்டேனா, தெரியாது.

ஆறு வாரம் கழித்து உருவின கம்பியை ஆத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எருமைக்கு மூக்குக் குத்தறவன் இவருகிட்ட வந்து படிக்கோணுமுங்க!”

சொம்புப் பால்

ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து கையைப் பழக்கச் சொல்லியிருந்தோம். இரண்டு மாதம் கழித்துச் சொம்போடு வந்து நின்றாள். மணிக்கட்டில் லேசான கோணல். டாக்டர் விரலை நீட்டி “இறுக்கிப் பிடிங்கம்மா” என்றார். பிடித்த பிடியில் அவர் முகமே சுளித்தது. எருமை என்ன சொன்னது என்று கேட்டேன்.

“மொதல்ல கையை மோந்து பாத்துதுங்க. ஆசுபத்திரி வாசத்துக்கு ஒரு உதை உட்டுச்சு. அப்புறம் நம்ம கெழவிதான்னு பாலை உட்டுருச்சுங்க சாமி!”

குணமாகிவிட்டது என்று டாக்டர் சீட்டில் எழுதினார்; நான் நம்பினது என்னவோ எருமை ஒப்புக்கொண்ட பிறகுதான்.