பாறையில் விட்டு வந்த கல்

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழியில், எங்கள் ஊரான கல்லிடைக்குறிச்சியிலிருந்து மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு மலையடிவாரத்தில் நடந்தது இது. காட்டு இலாகா எல்லைக்கு வெளியே அங்கே இரண்டு பொத்தைகள் ஒட்டி நிற்கும். பொத்தை என்றால் சின்னக் குன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஏறிப் பார்த்தால்தான் உயரம் தெரியும். மேலே கோயில் கிடையாது, அதனால் பாதையும் கிடையாது.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். யாரிடமும் படித்த தொழிலில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. காலையில் கூட நடக்கும் நண்பரிடம் அந்தப் பொத்தைகளில் ஏறப்போவதாகச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"ரயில்வே மேம்பாலத்துலயே மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்குதீரு. ஒமக்கு மலை கேக்குதோ வே?"

அந்த ஒரு பேச்சுக்காகவே, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் தனியாகக் கிளம்பிவிட்டேன்.

அடிவாரத்தில் பனி விலகவில்லை. ஒரு புளியமரம், அதன் அடியில் தட்டையாக ஒரு பாறை. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எங்கன அண்ணாச்சி, ஒத்தையில?"

"ரெண்டு பொத்தையும் ஏறணும்."

"மேல என்னத்த வச்சிருக்கிய?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அவர் ஆடுகளின் பக்கம் திரும்பினார். "கேட்டியளா? சும்மா ஏறுதாவளாம். நீங்களாவது தழைக்கு ஏறுதிய."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். "இங்க பக்கந்தான்" என்று சொல்லிவைத்தேன். கிளம்பப் போனவனை நிறுத்தினார்.

"ஒரு கல்லு வச்சிட்டுப் போங்க. இங்கன அதான் வழக்கம். புல்லறுக்கப் போனாலும், தேன் எடுக்கப் போனாலும், ஏறுதவரு இந்தப் பாறையில ஒரு கல்லு வைக்கணும். எறங்குனதும் எடுத்துப் போட்டுரணும். பொழுதடையக் கல்லு கெடந்துச்சுன்னா மேல ஆளு கெடக்குன்னு அர்த்தம். நாங்க ஏறி வருவோம்."

விளையாட்டுப் போல இருந்தது எனக்கு. கண்ணில் பட்ட வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு ஏறினேன்.

முதல் பொத்தைக்கே நாலு மணி நேரம் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதற்குள் கால் வைத்தால் கீழே கல்லா குழியா தெரியாது. சூரை முள் சட்டையைப் பிடித்தால் விடாது. ஒரு கையை விடுவிப்பதற்குள் மறு கையைப் பிடிக்கும். பாசி படர்ந்த பாறையில் ஒரு தடவை வழுக்கி, ஏதோ வேரைப் பிடித்துத் தொங்கினேன். உச்சியில் குளிர்காற்று அடித்தது. கீழே வயலெல்லாம் பச்சை, நடுவில் தாமிரபரணி ஒரு கோடு. நண்பரின் மேம்பாலம் எங்கே என்று தேடிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு பொத்தைக்கும் இடையிலான பள்ளம்தான் உயிரை எடுத்தது. இரண்டாவது உச்சியைத் தொட்டபோது மணி நாலு. கை முழுக்க ரத்தக்கீறல், தண்ணீரும் தீர்ந்திருந்தது. வந்த வழியே திரும்பினால் அடிவாரம் சேர்வதற்குள் இருட்டிவிடும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால், வெறும் பாறைச் சரிவு. அதன் கீழே தார் ரோடு. ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கமே இறங்கிவிட்டேன். பஸ் ஏறினேன். ஏழு மணிக்கு வீட்டில் வெந்நீரில் குளித்து, சூடாக நாலு தோசை தின்றேன். 'தனி ஆளா ரெண்டு பொத்தையும் ஏறியாச்சு' என்று படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன். கல் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

திங்கள் முழுக்கப் பாராட்டு மழை. மேம்பால நண்பரே கடைக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலை, அந்த அடிவார ஊர்க்காரர் ஒருவர் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரோடு வந்தார். நான் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க ஊர்ல ஒரே களேபரம் அண்ணாச்சி. யாரோ வெளியூர் ஆளு பொத்தை ஏறிக் காணாமப் போயிட்டான். ஞாயித்துக்கெழமை பொழுதடையவே தேட ஏறிட்டாவ. முன்னால போன ஆட்டுக்காரரு பள்ளத்துல விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் பெரியாஸ்பத்திரியில கெடக்காரு."

"ஆளு கெடச்சானா?" என்று கேட்டேன். பாறையில் வைத்த வெள்ளைக் கல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க கெடச்சான்? இன்னைக்கும் ஆளுவ ஏறியிருக்காவ."

அது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன். மலையில் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பதைக் கேட்ட பிறகும், மன்னிப்பு வாங்கத்தான் முதலில் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆட்டுக்காரர் அண்ணாந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. உயிரோடு இருக்கிறானே என்கிற சந்தோஷம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அது போய்விட்டது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"நீங்க அங்கன காலொடிஞ்சு கெடந்திருந்தாக்கூட இவரு விழுந்ததுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். வெந்நியில குளிச்சிட்டு ஒறங்கியிருக்கிய."

நான் அழுதேன். ஆட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கல்ல எடுத்தாச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பாவ. மொதல்ல போயி அத எடும் வே. பொறவு வந்து அழும்."

அடிவாரத்தில் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய், இப்போது 'வே' என்றது.

மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தேன். புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாறையில் என் வெள்ளைக் கல் தனியாக இருந்தது. "நான் வச்சதுதான்" என்று சொல்லி அதை எடுத்தேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் கை நீட்டவில்லை. ஒருவர் மட்டும் மலையைப் பார்த்துக் கத்தினார்:

"ஏலே, எறங்குங்கலே! ஆளு வந்தாச்சு. நல்லாத்தான் இருக்காரு!"

மேலேயிருந்து பதில் சத்தம் வந்தது. முள்ளில் கிழிந்த சட்டையோடு நாலு பேர் இறங்கி வந்து, என்னைக் கடந்து போனார்கள்.

ஆட்டுக்காரர் இப்போது கம்பை ஊன்றித்தான் நடக்கிறார். மலை ஏற முடியாது. ஆடுகளை மச்சினர் மேய்க்கிறார். நான் அவ்வப்போது அவரைப் பார்க்கப் போவேன். வரவேண்டாம் என்றும் சொன்னதில்லை, வாங்க என்றும் சொன்னதில்லை.

போன வருடம் போயிருந்தபோது, தோளில் பையோடு ஒருவர் தனியாக அந்தப் பக்கம் வந்தார். பொத்தை ஏறத்தான். பாறையில் கம்போடு உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த ஆள் புல்லுக்குள் மறைந்த பிறகு, ஏன் சொல்லவில்லை என்று மெல்லக் கேட்டேன்.

"அசலூர் ஆளுவளுக்கு இப்பம் சொல்லுததில்ல. ஊர்ல பேசி முடிச்சாச்சு."

நானே பின்னால் ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். கல்லை வைத்தால் தேடி வருவது யார் என்று அந்த ஆள் கேட்டால் என்ன சொல்வது? அந்த ஆள் இறங்கி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினேன். தினமும் என்னால் அங்கே உட்கார முடியாது. என்றைக்காவது ஒருவர் அந்த முள்ளுக்குள் விழுந்து கிடப்பார். அவரைத் தேடி ஒருவரும் ஏறமாட்டார்கள். அது என்னால் வந்தது என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.