காக்கா வைத்திருந்த ஒன்பது கோட்டுகள்

காக்கா மௌத்தாகி ஓராண்டு நிறையும்போது அவர் பேரில் கத்தம், அதாவது குர்ஆன், ஓதுவதா, ஓதக்கூடாதா என்பதில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இரு தரப்பிடமும் மார்க்க ஆதாரம் இருந்தது. இரு தரப்பிலும் உரத்த குரல்களும் இருந்தன. கடைசியில் யாரும் ஆட்சேபிக்காத ஒரே காரியமாக இந்த நினைவு மலர் எஞ்சியது. காக்காவின் உடன்பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் மட்டுமே. ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு நேரம் இருக்கும் என்றும் நம்பப்படுகிறது. எனவே வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அல்லாஹ் காக்காவின் பிழைகளைப் பொறுத்து, அவரின் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக. மலர் வெளியூர்களுக்கும் போவதால் ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரரைக் காக்கா என்போம்.

காக்கா பிறந்தது கல்முனையில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில். வாப்பா நெல் வியாபாரி. மழை பொய்த்த ஆண்டுகளில் வியாபாரமும் பொய்த்தது. வீட்டில் ஒருவர் படிப்பதற்கு மட்டுமே வசதி இருந்தபோது காக்கா பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார், நான் படித்தேன். இதை அவர் ஒரு தடவையேனும் சொல்லிக் காட்டியதில்லை. அவரின் மனைவியாகிய மச்சி சொல்லிக் காட்டியிருக்கிறார்.

டிப்போவில் அவர் முப்பத்தொரு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தார். எந்த பஸ்ஸையும் அவர் தாமதமாக அனுப்பியதில்லை. தாமதமாக வந்து சேர்ந்தவை அவரின் அதிகாரத்துக்கு வெளியே ஓடியவை. திருமணம் முடித்தது அட்டாளைச்சேனையில். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. ஆகவே காக்கா மச்சியின் வீட்டில் வாழ்ந்தார். மூத்த மகள் கல்யாணம் முடித்ததும் அந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் கட்டிய வீட்டுக்குப் போனார். இளைய மகளுக்கு அதையும் கொடுத்துவிட்டு ஓர் அறையும் குசினியும் கொண்ட மூன்றாவது வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் வீடு சிறுத்தது. அவரோடு போன அலுமாரி மட்டும் சிறுக்கவில்லை. அந்த அலுமாரியைப் பற்றி எழுதாமல் காக்காவைப் பற்றி எழுத முடியாது.

காக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது கல்முனைக் கொட்டகையில் ஒரு படம் ஓடியது. அதில் கதாநாயகன் ஒரு பாட்டுக்கு மட்டும் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டு ஒன்றை அணிந்து வருவார். அகன்ற கொலர், தூக்கிய தோள், இடுப்பில் பிடித்த வெட்டு. கீழே இரண்டு சுருக்கு வைத்த களிசான். பஸாரில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவர் அந்தப் பாட்டுக்காகவே ஆறு தடவை கொட்டகைக்குப் போய், இருட்டில் பென்சிலால் கீறி எடுத்து வந்து வெட்டினார். அந்தப் பருவத்து மாப்பிள்ளைமார் எல்லோரும் அவரிடம் கேட்டது அந்தக் கோட்டைத்தான். வெட்டு எல்லோருக்கும் ஒன்று. படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தை மட்டும் அவரவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாமா கரும்பச்சை என்று தீர்மானித்தார். அவரின் காவின் எனும் திருமணப் பதிவுச் சபையில், படத்தில் அது பச்சையே இல்லை என்று ஒருவர் சொல்லப் போய், சாப்பாடு ஆறும் வரை வாக்குவாதம் நடந்தது. பன்னிரண்டு வயதுக் காக்கா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

மாமா மௌத்தானபோது அவரின் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்க மூட்டை கட்டினார்கள். காக்கா அந்தக் கோட்டை மட்டும் கேட்டு எடுத்தார். சேகரிப்பு அன்று தொடங்கியது. முதலில் கண்டதையெல்லாம் சேர்த்தார். கொண்டக்டர்மார் கொழும்பு நடைபாதைக் கடைகளில் வாங்கிய பழைய கோட்டுகளை பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்தார்கள். பிறகு அவற்றைப் பாடசாலை நாடகங்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டுக் கோட்டு, அந்தத் தையல்காரரின் கை, அது மட்டும் போதும் என்றார். அதற்காக அவர் மௌத்து வீடுகளுக்குப் போனார் என்பதை மறைப்பதற்கில்லை. பழைய மாப்பிள்ளை ஒருவர் காலமானால் நல்லடக்கத்துக்கும் போவார், நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவையும் போவார்.

"டைம் கீப்பர் வந்துட்டாரு, அலுமாரியப் பூட்டுங்க" என்று ஒரு வீட்டில் பகிடி பண்ணினார்கள்.

"பூட்டினாப் பூச்சி அரிக்கும். தொறந்து வைங்க" என்றாராம் காக்கா.

ஒன்றையும் அவர் அணிந்ததில்லை. டிப்போவில் சீருடை, வீட்டில் சாரன். மாதம் ஒரு தடவை கோட்டுகளை நிழலில் காற்றாட விடுவார், தோளின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார், பொத்தான் துளைகளைத் தையல்காரர் கையால் கட்டிய விதத்தை வந்தவர்களுக்குக் காட்டுவார். வந்தவர்கள் குறைவு. நாற்பது ஆண்டுகளில் ஒன்பது கோட்டுகள் சேர்ந்தன: பச்சை இரண்டு, நீலம் இரண்டு, கபிலம், சாம்பல், வெண்சந்தனம், கறுப்பு, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று.

"ஒண்ட மட்டும் பாத்தாப் பழைய கோட்டு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "ஒம்பதையும் வரிசையா வெச்சிப் பாரு. ஊரே இருட்டுக்குள்ள இருந்து, அது என்ன நெறம் எண்டு யோசிச்சிரிக்கி."

அவற்றைக் கலாசார மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரியில் வைக்க முடியுமா என்று கேட்டார். அப்போது நான் பிரதேச செயலகம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தர். உரிய வழியில் விண்ணப்பிக்கும்படி சொன்னேன். விண்ணப்பித்தார். இவ்வகைப் பொருட்களைப் பொறுப்பேற்க ஏற்பாடு இல்லை என்ற பதிலைத் தயாரித்தவன் நான், கையொப்பமிட்டவனும் நான். சொந்தக் காக்காவுக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. காக்கா கடிதத்தைப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லாம எழுதியிரிக்காய்" என்றார்.

கடைசி நான்கு மாதங்கள் சிறுநீரக நோயோடு போயின. நினைவு தெளிவாக இருந்த ஒரு மாலையில் மச்சியையும் என்னையும் அழைத்து, "ஒம்பதையும் பிரிச்சிராதீங்க" என்றார். நான் ஓம் என்றேன். அவரின் கோரிக்கை ஒன்றை நான் அன்றே அங்கீகரித்தது அதுதான் முதல் தடவை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் உறவினர் ஒருவர் எழுந்து, மையித்து, அதாவது இறந்தவர், யாருக்கும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பது வழக்கம். ஒரு வரிதான், யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. நான் எழுந்து, கடன், அமானிதமாக ஒப்படைத்தது, இரவல் எதுவாயினும் வாரிசுகளாகிய எங்களை அணுகவும் என்றேன். இரவல் என்ற சொல் வழக்கத்தில் இல்லாதது. அறிவித்தல் முழுமையாக இருக்க வேண்டும் என்று நானே சேர்த்தேன்.

மூன்றாம் நாள் அடுத்த வளவுக்காரர் வந்து தன் அலவாங்குக் கடப்பாரையைக் கேட்டு வாங்கிப் போனார். ஐந்தாம் நாள் கல்முனையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார்.

"எங்கட வாப்பாட காவின் கோட்டு இஞ்ச இரிக்கி, சேர். நீலம்."

"அது காக்காவுக்குக் குடுத்தது எண்டுதானே நான் நெனச்சிரிக்கன்."

"குடுக்கல்ல. பாத்துட்டுத் தாறன் எண்டு கொண்டு போன."

"எப்ப?"

"கடலுக்கு முந்தி."

கடல் ஊருக்குள் வந்து போன நாளை வைத்துத்தான் எங்கள் கரையில் காலத்தை இரண்டாக வெட்டுகிறோம். "அப்ப இருவது வருசமாப் பாத்திரிக்காரு" என்றேன்.

"ஓம் சேர். நாங்களும் அவர் பாத்து முடிக்கட்டும் எண்டு இருந்தம்."

அவருக்குப் பின் இன்னும் ஐந்து வீட்டார் வந்தார்கள். கொடுத்ததா, இரவலா என்று காட்ட எந்தத் துண்டுச் சீட்டும் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நிமிடக் கணக்கு எழுதிய காக்கா கோட்டுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. நான் ஒரு படிவம் தயாரித்தேன். விண்ணப்பதாரர் பெயர், முதல் உரிமையாளருடன் உறவு, அடையாளக் குறிகள், இரு சாட்சிகள். இரண்டு பிரதிகள், முடிவுத் திகதி. உண்மையைச் சொன்னால், ஆட்களைக் களைக்கச் செய்வதே நோக்கம். பதவியில் இருந்த காலத்தில் இந்த முறை தவறியதில்லை. இப்போது ஆறு வீட்டாரும் நிரப்பிக் கொண்டு வந்தார்கள். அடையாளக் குறிகள் என்ற இடத்தில் ஒருவர், "வாப்பாவுக்கு இடது கை கொஞ்சம் கட்டை" என்று எழுதியிருந்தார். அளந்து பார்த்தேன். சாம்பல் கோட்டின் இடது கை அரை அங்குலம் குறைவு. அதைத் தையல்காரரின் பிழை என்றே காக்கா கடைசி வரை நம்பியிருந்தார்.

கணவனை இழந்த பெண்கள் திரை மறைவில் இருக்கும் இத்தா காலம் அது. மச்சி கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் என்னோடு கதைத்தார்.

"தம்பி, அது மனுசர்ர ஹக்கு, அவங்களுக்குரியது. அவரு அங்க கெடக்காரு. நீங்க இஞ்ச சாட்சிக் கையொப்பம் எடுத்துட்டு இரிக்கீங்க."

"பிரிக்க வேணாம் எண்டு அவர்தானே செல்லிட்டுப் போனாரு, மச்சி."

"அவர்ர சாமானப் பிரிக்க வேணாம் எண்டாரு. ஆக்கள்ட சாமானையுமா?"

மரண சாசனம் ஒருவர் தமக்குச் சொந்தமானதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் செல்லாது. பிறர் பொருளுக்கு அறவே செல்லாது. இது எனக்குத் தெரியாத சட்டமல்ல. மச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சட்டம் அவர் பக்கம் இருந்தது. அதைவிட ஒரு சங்கதியைப் பிறகு காக்காவின் இளைய மகள்தான் எனக்குச் சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்த பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று, "இரவல் வாங்கி வாங்கியே சேத்த மனுசன்" என்று சொன்னது மச்சிக்குக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஆறு கோட்டுகளையும் கையளித்தேன். அதற்கு முந்திய நாள் ஒன்பதையும் முற்றத்துக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்தோம். நடுப்பக்கத்தில் காணலாம். அச்சகத்தார் வர்ணத்தில் அச்சிட இயலாது என்றதால், ஒன்பதும் ஒரே கோட்டாகத் தெரிகின்றன. பின்னர் கிடைத்த தகவல்படி ஒரு கோட்டு பெட்டிக்குள் இருக்கிறது, ஒன்றைப் பேரன் கல்யாணத்துக்குப் போட்டுப் பார்த்துக் கைகளை வெட்டித் திருத்தியிருக்கிறார், ஒன்று வயலில் வெருளியாக நிற்கிறது. உரியவர்கள் தங்கள் உடைமையை விரும்பியபடி பயன்படுத்தலாம்.

எஞ்சிய மூன்றும் காக்காவின் சொத்து. காக்காவுக்கு ஆண் பிள்ளைகள் இல்லாததால் மார்க்கச் சட்டப்படி நானும் வாரிசு. இருபத்து நான்கு பங்கில் மகள்மார் இருவருக்கும் பதினாறு, மச்சிக்கு மூன்று, எனக்கு ஐந்து. மூன்று கோட்டுகளை இப்படிப் பிரித்தால் மகள்மாருக்கு ஆளுக்கொன்று முழுதாக வரும். மூன்றாவது, கத்தரிப்பூ நிறக் கோட்டில் எட்டில் மூன்று மச்சிக்கும் எட்டில் ஐந்து எனக்கும் உரியது. "என்டதையும் நீங்களே எடுங்க. ஆனா இதயும் ஆராவது கேட்டு வருவாங்க" என்றார் மச்சி. இனி ஒருவரும் வரமாட்டார் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

காக்காவின் நோயின்போது இரவு பகல் பாராமல் வாகனம் தந்து உதவியவர்களுக்கும், வைத்தியசாலையில் கவனித்த தாதியருக்கும், மையவாடியில் மழைக்குள் நின்று மண் போட்டவர்களுக்கும், தங்கள் ஓய்வு நாளில் ஜனாஸாவுக்கு வந்த டிப்போச் சாரதிகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கோட்டுகளைப் பெற்றுக்கொண்ட ஆறு வீட்டாருக்கும், இத்தனை காலம் கேட்காமல் இருந்தமைக்காக நன்றி.

நன்றி சொல்ல வேண்டியவர்களில் கடைசியாக வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். வயது எண்பத்தைந்துக்கு மேல். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுகளைக் கையளித்து ஆறு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நான் மச்சி வீட்டில் இருக்கும்போது பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"நீங்கதானே தம்பிக்காரர்? கோட்டுக்கு ஒரு படிவம் இருக்காமே."

"முடிவுத் திகதி தாண்டிட்டு, ஐயா."

"தெரியும். திகதி தாண்டின பிறகுதான் ஆக்கள் வருவாங்க. நானும் கந்தோரில இருந்தவன்தான்."

கத்தரிப்பூக் கோட்டைக் கொண்டு வந்து கொடுத்தேன். மச்சி கதவடியில் வந்து நின்றார். பெரியவர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாண எழுத்துக்கு இதப் போட்டுக்கொண்டு நிண்டன். பொம்பிளை வீட்டார் சிரிச்சுப் போட்டாங்க. எனக்குப் படத்தில இந்த நிறமாத்தான் தெரிஞ்சுது" என்றார். பிறகு அதை மடித்து என் மடியில் வைத்தார்.

"எடுத்துக்கொண்டு போக வரல்ல, தம்பி. உங்கட காக்கா இரவல் வாங்கிச் சேத்தவர் எண்டு சந்தையில ஒருத்தன் கதைச்சான். அதுக்குத்தான் வந்தனான்."

சட்டைப் பையிலிருந்து கைப்பட எழுதிய ஒரு தாளை எடுத்துத் தந்தார். மச்சி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளில் இருந்தது: எனது திருமணக் கோட்டினை மேற்படி அன்பருக்கு என் சொந்த விருப்பின் பேரில் முற்றாகக் கொடுத்தேன். அதன் பின்னர் அவர், உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும் என்று கூறி, அதனை இரண்டு தடவைகள் திருப்பித் தர வந்தார். இரண்டு தடவைகளும் நான் வாங்க மறுத்தேன். கீழே கையொப்பமும் அன்றைய திகதியும் இருந்தன.

"இன்னொருக்கா வாசிங்க, தம்பி" என்றார் மச்சி.

வாசித்தேன்.

"எத்தின தரம் திருப்பிக் குடுக்கப் போனாராம்?"

"ரெண்டு தரம்."

"என்னட்டச் செல்லல்ல" என்றார். பிறகு கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து உள்ளே கொண்டு போனார். என்னிடம் பிரதி இல்லை. மேலே எழுதியிருப்பது ஞாபகத்திலிருந்து எழுதியது.