மிச்சக் கரண்டும் ஷைனியும்

பழுத்த பப்பாளி நிறம்... சாயங்காலம் ஆறரை ஆனால் எங்கள் வீட்டு குண்டு பல்பு அந்த நிறத்தில்தான் எரியும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை எண்ணிவிடலாம். அந்த வெளிச்சத்தில், ரப்பர் ஷீட் புகை மணக்கும் முன்னறையில் உட்கார்ந்து படித்துத்தான் நான் பிசிக்ஸில் தோற்றேன்.

ஆமாம், தோற்றேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கேரளத்தில், ஆரியங்கோட்டுப் பக்கம் எங்கள் வீடு. பத்து வரை தமிழ் மீடியம், அப்புறம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல். புத்தகம் இங்கிலீஷில், சார் விளக்குவது மலையாளத்தில், நான் யோசிப்பது தமிழில்... அதெல்லாம்கூட சமாளித்துவிட்டேன். ஆனால் முதல் வருஷ பிசிக்ஸ் காலை வாரிவிட்டது. தோற்றவர்களுக்கு 'சப்ளி' என்று இன்னொரு பரீட்சை உண்டு. அதிலும் போனால் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு அனுப்புவதாக அம்மா பேசி வைத்துவிட்டாள்.

"இதுலயும் தோத்தா கடைக்கிப் போவணும் மக்ளே. அப்பனுக்கு முன்ன மாதிரி மரம் வெட்ட முடியல்ல, நீயும் பாக்குதல்லா..."

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைத்தான் அம்மா சொன்னாள். அவள் மேல் கோபமே வரவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா?

ஷைனி என் கிளாஸ்தான். வீடு எங்களுக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி. காலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். அவள் முதல் தடவையே பாஸ். ஒருநாள் பஸ்ஸில் என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். சர்க்யூட் கணக்கு எல்லாவற்றிலும் சிவப்பு மை.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இரண்டு ஓம், நாலு ஓம், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில். மொத்த கரண்ட் இரண்டு ஆம்பியர் என்று சரியாகவே போட்டிருப்பேன். அப்புறம்தான் என் கைவரிசை... முதல் ரெசிஸ்டருக்கு ஒரு ஆம்பியர், மிச்சம் ஒரு ஆம்பியர் அடுத்ததற்கு!

"தப்புன்னு சார் எழுதியாச்சு. அத விடு. நீ என்னத்துக்கு இப்பிடி பங்கு வச்ச? அதச் சொல்லு."

என்னிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"பின்ன? முன்னால உள்ளவன் எடுத்தது போக மிச்சம்தான பின்னால உள்ளவனுக்கு? எங்க வீட்டுக்கு வந்து பாரு, தெரியும்."

வந்துவிட்டாள்! அந்த சனிக்கிழமையே.

ரோட்டோரம் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து ரப்பர் தோட்டத்து வழியே கம்பி இறங்கி வரும். பதினோரு வீடு. கடைசி வீடு எங்களுடையது. ஆறரை ஆனதும், எங்களுக்கு முன்னால் மேட்டில் இருக்கும் வீடுகளில் தண்ணி மோட்டார் போட்டார்கள். பல்பு மங்கியது. நான் ஜெயித்துவிட்டவள் மாதிரி ஷைனியைப் பார்த்தேன்.

அவள் முற்றத்தில் இறங்கி மேல்வீட்டு லீலா அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா... மோட்டார ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா? படிப்புக்காக்கும்!"

"டாங்குல வெள்ளம் நெறையல்ல பிள்ளே! மோட்டார நிறுத்தியா படிக்குது?" என்று அக்கா சத்தம் போட்டாள். ஆனாலும் நிறுத்தினாள். பல்பு பளிச்சென்று ஏறியது. திரும்பப் போட்டதும் மங்கியது.

ஷைனி என் நோட்டில் எங்கள் லைனையே வரைந்தாள். பதினோரு வீடும் அதில் பிரிந்து போகும் கிளைகள்.

"இஞ்ச கரண்ட் கொறையும், எதுக்கு? ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரியுது. இனி உனக்க கணக்கப் பாரு ஏட்டி. கிளை எங்க? ஒத்த வழி. உள்ள போன கரண்ட் வேற எங்க போவும்?"

பார்த்தேன். கிளையே இல்லை.

"அப்போ பல்பு மங்குதே?"

"அது வோல்டேஜ். கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டும்லா. மோட்டார் ஓடினா கம்பியில கரண்ட் கூடும், வோல்டேஜ் வழியிலயே செலவாவும். நீ கண்டது பொய்யில்ல மக்கா. அதக் கொண்டு போய் ஒத்த வழிக் கணக்குல போட்டதாக்கும் தப்பு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷமாக என்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சப்ளி வரை தினமும் பஸ்ஸில் ஐந்து கணக்கு. டிக்கெட்டின் பின்பக்கம்கூட கணக்குதான். பரீட்சையில் மூன்று ரெசிஸ்டர் ஒரே வரிசையில் வந்தது. யாருக்கும் பங்கு வைக்காமல் போட்டேன். ரிசல்ட்டில் பாஸ் என்று பார்த்ததும் அம்மா, துணிக்கடைக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த புது சுடிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்து, "காலேஜுக்குப் போட்டுட்டுப் போ" என்று நீட்டினாள்.

இப்போது நான் மின்சார வாரியத்தில் சப் இன்ஜினியர். என் மகள் பிளஸ் டூ. கணக்கை போட்டோ எடுத்தால் போன் ஒவ்வொரு ஸ்டெப்பாக விடை தருகிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் அது இருந்திருந்தால் நானும் விடையைப் பார்த்து எழுதியிருப்பேன். மிச்சக் கரண்ட் மட்டும் மண்டைக்குள் அப்படியே இருந்திருக்கும்.

போன வாரம் மகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது... ஷைனிக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. போன் பண்ணினேன். அவள் இப்போது நெய்யாற்றின்கரையில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் சிரித்தாள்.

"நன்றியா? போடி. நீ துணிக்கடைக்குப் போயிட்டா பஸ்ஸுல எனக்குக் கூட வர ஆளில்லாம ஆவும்னு பேடி, பயம். அதாக்கும் காரியம்."

நானும் சிரித்தேன்.

"எனக்கும் அந்தப் பேடிதான் இருந்தது ஷைனி" என்றேன்.