கோதுமை இல்லாத வீடு

“பாக்கெட்டின் பின்புறத்தில் இருப்பதை உண்மையிலேயே படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறீர்களா?”

அயர்லாந்தில் நாங்கள் வசிக்கும் சிற்றூரின் மருத்துவமனையில், என் மகளின் உணவுமுறையைக் கவனிக்கும் பெண்மணி சில மாதங்களுக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில், பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் மாத்திரை அட்டையையும் பத்து வயதிலிருந்து எல்லோருக்கும் படித்துச் சொன்னவள். இப்போது மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. என்னைப் பார்த்து இந்தக் கேள்வி.

மகள் கயலுக்கு ஐந்து வயதில் வயிறு உப்பத் தொடங்கியது. கை கால்கள் குச்சியாயின. பல பரிசோதனைகளுக்குப் பிறகு சீலியாக் என்றார்கள். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் அவள் குடலைப் புண்ணாக்குகிறது, ஒரு சிட்டிகைகூடச் சேரக் கூடாது. அன்றைக்கே ரொட்டி, ரவை, சேமியா எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. அவளுக்கு ஏக்கம் வரக் கூடாதென்று நாங்களும் விட்டோம். என் கணவர் கணியம்பாடிக்காரர், பரோட்டாவில் வளர்ந்தவர். “நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டுவிட்டு, காருக்குள்ளேயே சாண்ட்விச்சைத் தின்றுமுடித்து, திருடனைப் போலக் கை துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். இத்தனை செய்தும் ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் இறங்கவில்லை. எடையும் ஏறவில்லை. எங்கிருந்தோ கோதுமை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவள் சாப்பிடும் ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். வயிறு உப்பினால் என்ன செய்வீர்கள் என்றார். எங்கள் நாட்டு மருந்து ஒன்றைக் கரைத்துக் கொடுப்பேன், செடியிலிருந்து வருவது, கெடுதல் இல்லை என்றேன். ‘மூலிகை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவர் கேட்டது எனக்கும் நான் சொன்னது அவருக்கும் புரிந்துவிட்டதென்று நினைத்தோம்.

இந்த ஆண்டு விடுமுறைக்கு மகளோடு மலைக்கு வந்தேன். அம்மா வீட்டில் கோதுமைக்கு வேலை இருக்காது என்பது என் கணக்கு. வந்த அன்று மாலையே அடுப்பில் சப்பாத்தி வெந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

“நெலத்துல சாம வெளையுது, எதுக்கும்மா கோதும?” என்றேன்.

“சாமய இப்ப யாரு துன்றாங்க? அது விக்கிறதுக்கு. டாக்டரே கோதும துன்னச் சொல்றாரு. நீ அவருக்கு மேல படிச்சிட்டியா?”

ஒரே வீட்டில் ஒருவர் உடம்புக்காகக் கோதுமை தின்ன வேண்டும், ஒருத்தி உடம்புக்காக அதைத் தொடவே கூடாது. சொன்னவர்கள் இருவருமே படித்தவர்கள். கயலுக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வேண்டுமென்று கேட்டபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இன்னாமே, எங்க சட்டில ஆக்கினா உம் பொண்ணுக்கு ஆவாதா? நாங்க இன்னா வேற சாதியா?”

அயர்லாந்துப் பள்ளியில் பிறந்தநாள் விருந்துகளின்போது கயலுக்கு மட்டும் ஓரமாகத் தனித் தட்டு வைப்பார்கள். அவள் நன்மைக்குத்தான் என்று தெரிந்தும், எங்கள் நிறத்துக்காகவோ என்று முதல் சில வாரங்கள் நானும் மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்கிறேன். அங்கே அப்படிச் சந்தேகப்பட்டவள், இங்கே பெற்றவளின் சட்டியை விலக்கி வைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே சந்தையிலிருந்து புதுச் சட்டி வாங்கிவந்தாள். விற்க வைத்திருந்த சாமையில் கொஞ்சம் எடுத்து உரலில் குத்திப் புடைத்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்றாவது வாரத்தில் கயலின் வயிற்று உப்பல் வடிந்தது. முதன்முறையாக, “ஆயா, இன்னும் கொஞ்சம்” என்றாள். அப்பா, “மலக் காத்துடா கண்ணு” என்றார். அறிவியல் படித்த நானே அதைப் பாதி நம்பினேன்.

பிறகு ஒருநாள் அவள் அளவுக்கு மீறிப் பலாச்சுளை தின்றாள். வயிறு கல்போல ஆனது. என் பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்து, மோரில் தாராளமாகக் கரைத்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். இரண்டு நாளில் மூன்று வாரச் சதையும் போய்விட்டது.

“பலாப்பழத்துக்கு இப்டி ஆவாதே. நீ இன்னாத்த கலக்கிக் குடுத்த?” என்றாள் அம்மா.

“பெருங்காயம்மா. வயித்துக்கு நல்லது.”

“நம்ம வூட்டுல அத்த யாரு போட்டா?”

யாரும் போட்டதில்லை. வேலூரில் கல்லூரி விடுதிச் சாம்பாரில்தான் முதலில் அந்த வாசனையை அறிந்தேன். லீவுக்கு வந்தபோது, “உன் குழம்புல ஒரு வாசனையும் இல்ல” என்று அம்மாவிடம் சொன்னேன். ஆங்கிலத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்ட பெருமைகளில் அதுவும் ஒன்று. அயர்லாந்து போனதும் அதுவே எனக்கு ஊர் வாசனையாகிவிட்டது. அங்கே தினமும் ரசத்தில் ஒரு சிட்டிகை, வயிறு உப்பினால் கூடுதலாக.

டப்பாவைத் திருப்பினேன். எறும்பு அளவு எழுத்துகள். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். அந்நியர்களின் டப்பா ஒவ்வொன்றையும் படித்தவள், நம்முடையது என்பதால் இதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா போட்ருக்குது?” என்றாள் அம்மா. அவளுக்கு எதையும் படித்துச் சொல்ல நான் தயங்கியதில்லை. அன்று தயங்கினேன். பிறகு படித்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சரி, உடு. கஞ்சி வெச்சிக்கிறேன், அவள எழுப்பு” என்று போய்விட்டாள்.

அதற்காக எல்லாம் தெளிந்துவிடவில்லை. பெருங்காயம் மட்டும்தானா, இன்னும் ஏதாவது இருக்கிறதா? ரத்தத்தில் எண் இறங்கினால்தான் தெரியும். “பேத்திக்கு ஆக்கறதயே எனக்கும் ஆக்கு” என்று அப்பா வேறு பிடிவாதம் பிடிக்கிறார். டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்று நானே அவருக்குச் சப்பாத்தி போடச் சொல்கிறேன்.

டப்பாவைப் படமெடுத்து அந்தப் பெண்மணிக்கு அனுப்பினேன். என் தவறுதான் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு புதிய படிவம் அனுப்பியிருந்தார். கடந்த மூன்று மாதங்களில் குழந்தை சாப்பிட்டதையெல்லாம் இரண்டு பத்திகளில் பிரித்து எழுத வேண்டும்: ‘வீட்டில்’, ‘வெளியிடத்தில்’. சிக்னல் கிடைக்குமென்று புதூர்நாட்டுக்கு இறங்கிவந்து, பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். ‘வீட்டில்’ என்பதன் கீழே, இந்த முறை மருந்தென்று சொல்லாமல், பெருங்காயம் என்று எழுதினேன். சாமையை எதில் எழுதுவது? விரல் இரண்டு பத்திகளுக்கும் நடுவிலேயே நின்றது. மேலே போகும் ஜீப் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. ‘வெளியிடத்தில்’ என்பதன் கீழே எழுதி, அனுப்பிவிட்டு, ஏறிக்கொண்டேன்.