அத்தை உருக்கிய ஈயச்சொம்பு

எங்கள் வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தாத்தா பட்டாளம், அப்பா போலீஸ். மாட்டிக்கொண்டு முழிப்பது அத்தை விஷயத்தில்தான். அப்பாவின் தங்கையான அவள் மதுரையில் இயற்பியல் படித்தாள். வடக்கே போய் டாக்டர் பட்டம் வாங்கினாள். இத்தாலியில் ஒரு மலையைக் குடைந்து உள்ளே கட்டிய ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு மும்பைக்கு வந்து சேர்ந்தாள். இதில் எங்கள் ராஜபாளையம் தெருவுக்குப் பிடிபட்டது 'அணு' என்ற ஒரு சொல்தான். அத்தை குண்டு செய்கிறாள் என்று தெருவே முடிவுகட்டி, அவள் விடுமுறைக்கு வந்தால் கொஞ்சம் தள்ளி நின்றே நலம் விசாரித்தது. அம்மாவோ, இல்லையில்லை, கரண்டு எடுக்கிறாள் என்று சொல்லிச் சமாளிப்பாள். இரண்டுமே இல்லை என்று முதலில் தெரிந்துகொண்டது நான்தான். அப்போது நான் நாலாம் வகுப்பு.

அந்த முறை அத்தை வந்திருந்தபோது வீட்டில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மும்பையில் இருந்தது நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் அவர்களாகப் பார்த்து நீட்டித்தால்தான் உண்டு. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குப் பெரியப்பா சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, சம்மதம் வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மகள் கண்ணெதிரே இருந்தால் போதும் தாத்தாவுக்கு. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம், அத்தை இனிமேல் இங்கேயேதானே!

சனிக்கிழமை அடுப்படியில் வைத்து, நீங்கள் நிஜமாகவே என்னதான் செய்கிறீர்கள் என்று அத்தையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அலமாரியிலிருந்து அம்மாவின் ஈயச்சொம்பை எடுத்து என் மடியில் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாத்திரக் கடையில் அம்மா ஆசை ஆசையாக வாங்கிய சொம்பு. ரசம் அதில்தான் கொதிக்கும், வேறு யாரும் தொடக்கூடாது.

இந்த வெள்ளீயம்தான் என் வேலை என்றாள் அத்தை. கண்ணுக்கே தெரியாத இதன் அணுக்களில் ஒரு வகை, யாரும் தொடாமல், தானாகவே உடைந்து வேறொன்றாக மாறலாமாம். அப்படி மாறுவதை இதுவரை ஈயத்தில் ஒருவரும் பார்த்ததில்லையாம். ஒரே ஓர் அணுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நம் மேற்கு மலைக்கு வயதாகி, பூமிக்கு வயதாகி, நட்சத்திரமெல்லாம் அணைந்தாலும் நடக்காதாம். ஆகவே எண்ணமுடியாத அணுக்களை ஒன்றாகச் சேர்த்து, உலகத்திலேயே குளிரான பெட்டிக்குள் வைத்து, வெளிச்சலனம் எதுவும் அண்டாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். ஒரு தடவை நடந்தாலும் போதும், இந்த உலகம் ஒன்றுமில்லாமல் போய்விடாமல் இத்தனை பொருளும் எப்படி மிஞ்சியது என்பதற்கே பதில் கிடைக்கலாம்.

"அதுக்காக அங்கதான் நடக்கணும்னு இல்லட்டி. இந்தச் சொம்புலயும் நடக்கலாம். இப்பவே நடக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நேற்றுவரை ரசம் கொதித்த சொம்பு! அன்று ராத்திரி ரசம் ஊற்ற வந்த அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்படிக் குடிப்பது?

மறுநாள் பெரியப்பா வந்து தாத்தாவோடு முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாழையிலை வாங்கப் போகும்போது, ரசத்தை மட்டும் நீ பார்த்துக்கொள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை ஏற்றினாள். புளித்தண்ணீரை ஊற்றப் போகிற நேரத்தில் போன் வந்தது. மும்பையில் அந்தக் குளிர்ப்பெட்டி ஏதோ மக்கர் பண்ணுகிறதாம். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். அடுப்பில் வெறும் சொம்பு. நான் அதன் எதிரில் காவல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சொம்பின் அடி பளபளத்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்தது. அப்புறம் வெள்ளியை உருக்கி ஊற்றிய மாதிரி அடுப்பின்மேல் ஓடியது. ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் பாதிவரை ஓடிக் கத்தினேன்.

"அத்தை, வந்துருச்சு! உங்க ஈயம் வந்துருச்சு!"

அத்தை தடதடவென்று இறங்கி வந்தாள். படியில் இருக்கும்போது ஒரு நொடி அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அடுப்படிக்குள் நுழைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஈயம் எந்தச் சூட்டில் உருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டுத் தாத்தாவும் பெரியப்பாவும் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார்கள். என்னவோ வந்துவிட்டது என்று பிள்ளை கத்தினாளே, என்ன அது என்று தாத்தா கேட்டார். வேறு வழியில்லாமல் அத்தை முதல் தடவையாகத் தன் வேலையைப் பற்றித் தன் அப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷத்தில் அதை எத்தனை தடவை பார்த்தாய் என்றார். ஒரு தடவைகூட இல்லை என்றாள் அத்தை. பெரியப்பா கெட்ட மனுஷர் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"சட்டியில இருந்தாத்தானம்மா அகப்பையில வரும்."

"இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் அண்ணே நான் அங்க இருக்கேன்."

தாத்தா அடுப்பில் உறைந்து கிடந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறவு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"பனிமலையில எம்புட்டு நாளு பாரா நின்னுருக்கேன். ஒருத்தனும் வரல. வரலைங்கறதுக்காக யாரும் என்னைய இறங்கி வரச் சொல்லலப்பா. அவ போகட்டும்."

அத்தோடு கல்லூரிப் பேச்சு முடிந்தது. அத்தையை இங்கேயே இருக்கவைக்கவேண்டும் என்று யாரையும்விட ஆசைப்பட்ட நானே கத்தி ஊரைக் கூட்டி அவளை மும்பைக்கு அனுப்பிவைத்தேன். இலையோடு வந்த அம்மாவிடமிருந்து அத்தையை அணுவும் காப்பாற்றவில்லை, பட்டாளமும் காப்பாற்றவில்லை. பெரியப்பா ரசமில்லாமல் மோர் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கோபம் தணிந்தபின் அம்மா அந்த ஈயக்கட்டியைச் சுரண்டி எடுத்து, இதையும் நீயே வைத்துப் பார்த்துக்கொள் என்று அத்தையின் பைக்குள் போட்டாள். மும்பையில் அவள் மேசைமேல் இன்றைக்கும் அது இருக்கிறது. அதுவும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ராஜபாளையம் ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது, நிஜமாக எப்போது வரும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் ஆயுசுக்குள் வரவேண்டும் என்று இல்லட்டி என்றாள் அத்தை. அதெல்லாம் வரும், நீங்கள் லீவு மட்டும் போடாதீர்கள் என்று அவளுக்கு நான் புத்தி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சரி, போடமாட்டேன் என்றாள். வராமலே போகலாம் என்று நன்றாகத் தெரிந்தும், அதற்கே வாழ்நாளைக் கொடுக்க ஒருத்தி ரயிலேறிப் போகிறாள் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. அத்தைக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ரயில் மறையும்வரை கையாட்டிக்கொண்டிருந்தேன்.